கலிஃபோர்னியத் தோல்வியும் கறுப்பின வாக்காளர்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் திருமண சமத்துவத்துக்காக நடந்த போராட்டம் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 2008 நவம்பரில் கலிஃபோர்னியாவில் ஒருபாலினத் திருமண உரிமையைப் பறித்த ‘புரொபொசிஷன் 8’ என்ற தீர்மானம் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியதற்குக் கறுப்பின வாக்காளர்களே காரணம் என்று அதில் எழுதப்பட்டிருப்பது என்னை வருத்தியது. அப்போது அம்மாநிலத்தின் சான் ஹோசே நகரில் வாழ்ந்து, தேர்தல் முடிந்த கையோடு இந்தப் பழி பரவியதைக் கண்டவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கட்டுரை சான்றாகக் காட்டும், வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பு, கறுப்பினத்தவரில் 70 விழுக்காட்டினர் அத்தீர்மானத்தை ஆதரித்ததாகச் சொன்னது. பின்னர் வந்த விரிவான ஆய்வோ, அந்த அளவு 58 விழுக்காட்டை ஒட்டியதே என்றும், அதிலும் நிறத்தைவிடத் தவறாமல் வழிபாட்டுக்குச் செல்லும் வழக்கத்துக்கே பங்கு அதிகம் என்றும் காட்டியது. மாநில மக்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லாத ஒரு சமூகத்தின் தலையில், 52 விழுக்காடு வாக்குகளோடு நிறைவேறிய ஒன்றின் முழுப் பழியையும் சுமத்துவது கணக்குக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது. அவர்களிடம் போய் ஆதரவு கேட்டவர்கள் எத்தனை பேர் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இந்தியக் குடும்பங்களும் வியட்நாமியக் குடும்பங்களும் நிறைந்த எங்கள் தெருவுக்கு ஒருவரும் வரவில்லை. அண்டை வீட்டாரிடம் நானாவது பேசியிருக்கலாம். பேசாமல் இருந்துவிட்டது இன்றும் என்னை உறுத்துகிறது.

அப்படி ஒரு சமூகத்திடம் ஆதரவு கேட்டவருக்கு எங்கள் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சான் ஹோசே விமான நிலையத்தில் இறங்கும் தமிழர்கள் அங்கே நார்மன் மினெட்டா என்ற பெயரைப் படித்திருப்பார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவராக, பத்து வயதில் குடும்பத்தோடு வயோமிங் மாநிலத்தின் ஹார்ட் மவுண்டன் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர் அவர். அந்த அநீதிக்கு மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்க வகைசெய்த 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உழைத்தவர்களில் அவரும் ஒருவர். அந்த மசோதாவைத் துணைக்குழுவில் நிறைவேற்றி முன்னே நகர்த்தியவர், தாம் தன்பாலீர்ப்பாளர் என்று 1987இல் வெளிப்படையாக அறிவித்த காங்கிரஸ் உறுப்பினர் பார்னி ஃபிராங்க். 1994இல் ஜப்பானிய அமெரிக்கக் குடிமக்கள் கழகத்தின் தேசிய மாநாட்டில், ஒருபாலினத் திருமண உரிமையை ஆதரிக்கும் நிலைப்பாடு கடும் எதிர்ப்பைச் சந்தித்தபோது, மினெட்டா எழுந்து பேசி அந்த உதவியை நினைவூட்டினார். கழகம் அந்த நிலைப்பாட்டை ஏற்றது. கலிஃபோர்னியாவில் 1948 வரை வெள்ளையரை மணக்கும் உரிமை சட்டப்படி மறுக்கப்பட்டிருந்த சமூகம் அது. அப்படியிருந்தும் அவர்களிலேயே பலர் எதிர்த்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. துன்பப்பட்ட நினைவு மட்டும் ஒருவரை இன்னொருவரின் துணைக்கு அழைத்து வந்துவிடாது. உரிமையோடு எழுந்து கேட்க அவர்களுக்குள்ளேயே ஒருவர் வேண்டும்.

கறுப்பினத்தவரிடமும் அத்தகையோர் இருந்தார்கள். கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர்களில் ஒருவரும் காங்கிரஸ் உறுப்பினருமான ஜான் லூயிஸ் 1996இலேயே காங்கிரஸில் ஒருபாலினத் திருமணத்துக்கு எதிரான சட்டத்தைக் கண்டித்துப் பேசினார். வெள்ளையரும் பிற இனத்தவரும் மணந்துகொள்வதற்கிருந்த தடையை 1967இல் உச்சநீதிமன்றத்தில் வீழ்த்திய வழக்கைக் கணவரோடு சேர்ந்து நடத்திய மில்ட்ரெட் லவ்விங், அத்தீர்ப்பின் நாற்பதாம் ஆண்டில் தன்பாலீர்ப்பாளருக்கும் மணவுரிமை வேண்டும் என்று அறிக்கை விடுத்தார். மக்களில் பத்தில் மூவர் கறுப்பினத்தவராக உள்ள மேரிலாந்தில், 2012இல் இதே கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தபோது கறுப்பினப் போதகர்கள் சிலர் தங்கள் சபையாரின் அதிருப்திக்கும் அஞ்சாமல் ஆதரவுப் பிரசாரத்தில் இறங்கினார்கள். அங்கே திருமண சமத்துவம் 52 விழுக்காட்டுக்கு மேல் பெற்று வென்றது. கட்டுரையாளர் 2008ஐப் பற்றி எழுதிய இடத்தில் 2012ஐப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அந்த 70 விழுக்காடு என்ற எண்ணை அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்