எங்க பலூனை ஏத்திவிட்ட எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். ஈஸ்டர் முடிஞ்ச வாரம் தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கற எங்க சாட்ஸ்வொர்த் தமிழ் கிளாஸ் பிள்ளைங்க 11 பேரோட எக்ஸ்பெரிமென்ட் பெட்டி 29 கிலோமீட்டர் மேல போயிட்டு பத்திரமா வந்துருச்சு, இப்பதான் உக்காந்து நன்றி சொல்ல நேரம் கிடைச்சுது.

முதல்ல ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துப் பண்ணைக்கார ஊமுக்கு (ஆஃப்ரிக்கான்ஸ்ல மாமான்னு அர்த்தம்). டர்பன்ல விட்டா மேக்கால இருந்து அடிக்கற காத்து பலூனைத் தள்ளிட்டுப் போய் இந்து மகாசமுத்திரத்துல போட்டுரும், அதனால வான் ரீனன் கணவாய் ஏறி அந்தப் பக்கம் போயே ஆகணும். முன்பின் தெரியாத எங்களுக்கு மாடு மேயற வெளியைத் தொறந்துவிட்டு, ராத்திரி தங்க ஷெட்டும் கொடுத்தாரே, அந்த மனசு யாருக்கு வரும்!

ரேடியோ அண்ணன்மாருக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. போன வருஷம் நாங்க போட்ட சாதா பேட்டரி மேல மைனஸ் 50 குளிர்ல செத்துப்போய், பெட்டி எங்க விழுந்துச்சுன்னே தெரியாம பிள்ளைங்க அழுதுட்டே வீடு திரும்பினாங்க. இந்தத் தடவை லித்தியம் பேட்டரி போடச் சொன்னதும் அவங்கதான், 18 கிலோமீட்டர் தாண்டினா நின்னுபோகாத ஜிபிஎஸ்ஸா பாத்து எடுத்ததும் அவங்கதான். கதிர்வீச்சை எண்ணற கைகர் கவுன்ட்டர்ல எண்ணிக்கை ஏறிட்டே போய் 20 கிலோமீட்டர் கிட்ட உச்சம் தொட்டு அப்புறம் இறங்கிச்சு, மிஷின் கெட்டுப்போச்சுன்னு ஒரு பொண்ணு முகம் வாடிப் போச்சு. அண்ணன் பக்கத்துல உக்காந்து, விண்வெளியில இருந்து வர்ற காஸ்மிக் கதிர் காத்துல மோதித்தான் சிதறி பெருகும், அதுக்கு மேல மோதறதுக்கு காத்தே கம்மி கண்ணு, 1912ல ஹெஸ்ங்கறவர் தானே பலூன்ல ஏறி 5 கிலோமீட்டர் போய் இந்தக் கதிரைக் கண்டுபிடிச்சாருன்னு பொறுமையா சொன்னாரு. அவ முகத்தைப் பாக்கணுமே!

ஏவியேஷன் பர்மிஷன் வாங்கித் தந்தவங்களுக்கும், புளிசாதம் கட்டிக் கொடுத்த ஆயாமாருக்கும் நன்றி.

பெட்டி விழுந்தது மீலிக் கொல்லைக்குள்ள, அதாவது மக்காச்சோளக் காட்டுக்குள்ள, ஆளுயரத்துக்கு மேல காய்ஞ்ச தட்டை, பக்கியை (பிக்கப் வண்டி) ரோட்டுல விட்டுட்டு ரெண்டு மணி நேரம் தேடினோம். அங்க வேலை செய்யற சோத்தோ இனத்து அம்மா ஒருத்தங்கதான் ஆரஞ்சு பாராசூட்டைப் பாத்துக் கைதட்டிக் கூப்பிட்டாங்க. பேரைக் கேக்காம வந்துட்டோம், அது இன்னும் மனசுல உறுத்துது.

மேல போய் வந்த வெந்தயமும் வீட்டுலயே இருந்த வெந்தயமும் ரெண்டு ஈரத்துணியில முளைச்சிருக்கு, 40க்கு 36 மேல போனதுல, 37 வீட்டுல இருந்ததுல. சனிக்கிழமை கிளாஸுக்கு வாங்க, பிள்ளைங்களே காட்டுவாங்க.