வெள்ளிக்கிழமை பூட்டிய வாசல்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த மாதம் என் மாமியாருடன் ஹைதராபாத் சென்றிருந்தேன். நான்கு இடங்களைச் சுற்றிக்காட்டும் பஸ் பயணத்துக்கு முன்பணம் கட்டியிருந்தோம். பட்டியலில் முதலில் இருந்தது சாலார்ஜங் அருங்காட்சியகம். அங்குள்ள கடிகாரத்திலிருந்து சின்னப் பொம்மை ஒன்று வெளியே வந்து மணியடிக்கும். அதைப் பார்க்க வேண்டும் என்று ஊரிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். போய் இறங்கினால் வாசல் பூட்டியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, வாராந்திர விடுமுறை. பணத்தை வாங்கும்போது இதைச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை! சௌமஹல்லா அரண்மனைக்கும் அன்றுதான் விடுமுறை.

முன்பதிவு செய்வோருக்கு என் வேண்டுகோள்: விடுமுறை நாளை நீங்களே விசாரித்துவிடுங்கள். எந்த இடத்தில் உள்ளே அழைத்துச் செல்வார்கள், எதை பஸ்ஸிலிருந்தே காட்டுவார்கள், நுழைவுக் கட்டணம் யாருடையது என்பதையெல்லாம் ரசீதில் எழுதி வாங்குங்கள். வழிகாட்டி எந்த மொழியில் பேசுவார் என்றும் கேளுங்கள். எங்களுக்கு வந்தவர் இந்தியில் மட்டுமே பேசினார். மாமியாருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.

முதியவர்களோடு போகிறவர்கள் கோல்கொண்டா மலைக்கோட்டைக்குத் தனியாக ஒரு மாலையை ஒதுக்குங்கள். உச்சிக்கு 300-க்கும் மேற்பட்ட படிகள். பயண நிறுவனம் ஒதுக்கிய ஒரு மணி நேரத்தில் மூட்டுவலிக்காரர் எப்படி ஏறி இறங்குவார்? மாமியார் கீழ்வாசலிலேயே நின்று கைதட்டினார். அந்த ஓசை மேலே நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்