இந்தத் தடவை பியோவைப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

'போர்கோ ரோஸ்ஸோ' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். பன்றி முகத்தோடு ஒருவன் சிவப்பு விமானம் ஓட்டுவான், அதுதான் உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது நீயே விமானம் டிசைன் செய்கிற வேலைக்குப் போய்விட்டாய். இன்னொரு முறை பார். இந்தத் தடவை அவனை விட்டுவிட்டு, அவனுக்கு விமானம் வரைந்து கொடுக்கிற பெண் பியோவைப் பார்.

1992-இல் ஹயாவோ மியாசாகி எடுத்த படம். ஜப்பான் ஏர்லைன்ஸ் பயணிகளுக்குப் பறக்கும்போது போட்டுக்காட்ட ஒரு குறும்படம் என்றுதான் ஆரம்பித்தார்கள். அது ஒன்றரை மணி நேரமாக வளர்ந்துவிட்டது. முசோலினி காலத்து இத்தாலி, ஏட்ரியாடிக் கடல். முதல் உலகப் போரில் பறந்த மார்கோதான் அந்தப் பன்றி முகத்துக்காரன்; கடல் விமானக் கொள்ளையர்களைத் துரத்திப் பிழைக்கிறான். கர்ட்டிஸ் என்ற அமெரிக்கன் அவனைச் சுட்டு வீழ்த்த, விமானத்தில் மிச்சமிருப்பதை எடுத்துக்கொண்டு மிலானில் பிக்கோலோ கிழவரின் பட்டறைக்கு வருகிறான்.

அங்கே ஆண்களே இல்லை. ஊரில் பிழைப்பில்லாமல் வேலை தேடிப் போய்விட்டார்கள். டிசைன் செய்யப்போவது கிழவரின் பேத்தி பியோ, வயது 17. மார்கோ வேறு இடம் பார்க்கிறேன் என்று கிளம்புகிறான். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. நான் பெண் என்பதாலா, சின்னவள் என்பதாலா என்று நேராகக் கேட்கிறாள். இரண்டும்தான் என்கிறான் அவன். சரி, நல்ல விமானிக்கு முக்கியம் எது, அனுபவமா என்று அடுத்த கேள்வி. இல்லை, சட்டென்று மனதில் பளிச்சிடுகிற யோசனைதான் என்று அவன் வாயாலேயே வர, அப்படியென்றால் எனக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்கிறாள். உன் வரைபடத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் 'சீனியர் யாராவது பார்த்தார்களா' என்று கேட்கிறார்களே, அவர்களிடமும் இப்படித்தான் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. குரலை உயர்த்தவே வேண்டாம்.

மார்கோ ஒரே ஒரு நிபந்தனை போடுகிறான்: ராத்திரி கண்விழித்து வேலை செய்யக் கூடாது, தூக்கம் கெட்டால் வேலையும் கெடும். நான் லேத்தின் முன்னால் காலம் தள்ளியவன் என்பதால், அந்த இடத்தில் எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது.

அப்புறம் சொந்தக்காரப் பெண்களெல்லாம் வேலைக்கு வந்து சேர்கிறார்கள். பேரப்பிள்ளைகள் கைச்செலவுக்கு ஏதாவது கொடுக்கலாமே என்று வந்த பாட்டிகூட உண்டு. நீளமான மேஜையில் எல்லோரும் சேர்ந்து பாஸ்தா சாப்பிட உட்காரும்போது கிழவர் ஜெபம் செய்கிறார்: பெண்களின் கைகளைக்கொண்டு போர் விமானம் செய்கிற பாவிகளை மன்னித்துவிடு என்று. சிரிப்பாகத்தான் காட்டுகிறார்கள். ஆனால் மியாசாகியின் குடும்பமே இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானின் 'ஜீரோ' போர் விமானங்களுக்குச் சுக்கான் செய்த தொழிற்சாலை நடத்தியது. அது தெரிந்து பார்த்தால் அந்த ஜெபம் உறைக்கும்.

வெள்ளோட்டம் விடக்கூட நேரமில்லை. மார்கோவைப் பிடிக்க ரகசியப் போலீஸ் வெளியே காத்திருக்கிறது. ஓடுபாதைக்குப் பதிலாக ஊருக்குள் ஓடும் ஒடுக்கமான கால்வாய். பியோ தன் மூட்டையோடு வந்து நானும் வருகிறேன் என்று நிற்கிறாள். இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளில் ஒன்றைக் கழற்றி அவளுக்கு இடம் பண்ணுகிறார்கள். தான் வரைந்த விமானம் முதன்முதலில் எழும்பும்போது அவள் அதற்குள் இருக்கிறாள். உன் வேலையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய கையெழுத்து என்ன இருக்கிறது, சொல்.

கடைசியில் கதையைச் சொல்லி முடிப்பதும் அவள்தான். தாத்தாவின் தொழிற்சாலையை எடுத்து நடத்துகிறாள்.

ஜப்பானியக் குரலிலேயே சப்டைட்டில் போட்டுப் பார். பார்த்துவிட்டு எனக்கு போன் செய். அந்த விமானத்தின் இன்ஜினில் மியாசாகியின் ஸ்டுடியோ பெயரான 'கிப்ளி' என்று எழுதியிருப்பதைக் கவனித்தாயா என்று கேட்பேன். அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி தீர்ந்துவிட்டதா? இந்த வாரமே அரைக்கலாம் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா