தாள் மட்டும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

19 ஆண்டுகளாகப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். 'வண்ணம் வாங்கப் பணம் இல்லை' என்ற ஒரே காரணத்துக்காக ஓவியப் பாடவேளையைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அது பற்றித்தான் இந்தக் கடிதம்.

வண்ணம் இல்லாமல் சமாளித்துவிடலாம். வரைவதற்கான கரித்துண்டை நானே செய்கிறேன். காய்ந்த குச்சிகளைப் பட்டை உரித்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, தகர டப்பாவில் நெருக்கி அடுக்கி மூடுவேன். மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை. நெருப்பில் வைத்தால் துளை வழியே புகை கிளம்பும். புகை நின்றதும் இறக்கிவிட வேண்டும். நன்றாக ஆறும்வரை டப்பாவைத் தொடவே கூடாது. முதல் தடவை அவசரப்பட்டுச் சூட்டோடு திறந்தேன். காற்றுப் பட்டதும் குச்சிகள் கனன்று, பாதி சாம்பலாகிவிட்டது. (நெருப்பு வேலை என்னுடையது, பிள்ளைகளைப் பக்கத்தில் விடுவதில்லை.) உடைந்த செங்கல்லை இடித்துத் துணியில் சலித்து, பிசின் கரைத்த தண்ணீரில் குழைத்தால் நல்ல காவி நிறம் கிடைக்கும்.

தட்டுப்பாடு புதிதல்ல. போரால், பென்சிலுக்கான கரிய கனிமமாகிய கிராஃபைட் இங்கிலாந்திலிருந்து கிடைக்காமல் போனபோதுதான், 1795-ல் பிரான்சில் நிக்கோலா கோன்டே என்பவர் கிராஃபைட் தூளோடு களிமண்ணைப் பிசைந்து சுட்டுப் பென்சில் செய்தார். இன்றைய பென்சிலும் அந்த வழியில் வந்ததுதான். களிமண் கூடினால் கோடு மெலிந்து வெளிறும், குறைந்தால் கருக்கும். இதைச் சொன்ன நாளில் பிள்ளைகள் தங்கள் பென்சில் முனையை முகர்ந்து பார்த்தார்கள்.

ஆனால் தாளுக்கு என்னால் ஒரு வழியும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தாளின் மூலையில் கட்டைவிரல் நகத்தளவு ஆடு ஒன்றை வரைந்திருந்தான். "பெருசா வரையேன்ப்பா" என்றேன். "மிச்ச இடம் அடுத்த வாரத்துக்கு வேணும் டீச்சர்" என்றான். தோளிலிருந்து கையை வீசிக் கோடு இழுக்க வேண்டிய வயது. அவனோ மூச்சை அடக்கிக்கொண்டு விரல் நுனியால் வரைகிறான். தாள் வீணாகிவிடுமோ என்ற பயம் கைக்குள் இறங்கிவிட்டால், அதை எடுப்பது லேசில்லை.

ஒரு வகுப்பில் 42 பேர். வாரம் 2 பாடவேளை. ஆளுக்கு ஒரு தாள் என்றால் வாரத்துக்கு 84. 35 வாரங்களுக்கு 2,940. அதாவது 500 தாள் கொண்ட 6 கட்டு. புதுத்தாளாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு பக்கம் அச்சாகி மறுபக்கம் வெறுமையாக இருக்கும் தாள்களை அலுவலகங்களும் அச்சகங்களும் எடைக்குப் போடுவதற்கு முன் பக்கத்துப் பள்ளிக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். பெயரும் கணக்கு விவரமும் உள்ளவற்றை மட்டும் எடுத்துவிடுங்கள். தலைமை ஆசிரியர்களே, அந்த 2 பாடவேளைகளை எங்களிடமே விட்டுவையுங்கள்.

போன மாதம் அப்படி ஒரு கட்டு வந்தது. நான்கு தாளை ஒட்டி அந்தப் பையனிடம் கொடுத்து, கரித்துண்டையும் கையில் வைத்தேன். வெகுநேரம் தாளைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு ஆரம்பித்தான். ஆட்டின் கொம்பு தாளைத் தாண்டித் தரைக்குப் போய்விட்டது.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியை