பொடி டப்பாவை அப்புறம் திறக்கலாம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மகள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்ற வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். நேற்றுத்தான் நம் தோளில் ஏறி உட்கார்ந்த பிள்ளை மாதிரி இருக்கிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் நாய் மணிக்குப் பதின்மூன்று வயது முடிந்துவிட்டது. காது கேட்பதில்லை, கண்ணிலும் மங்கல் விழுந்துவிட்டது. ஆனாலும் நான் ஓட்டத்துக்கான வாரைக் கையில் எடுத்தால் எழுந்து வாசல் வரை வந்து நிற்கிறான். இன்னொரு நாயான மின்னலை மட்டும் கூட்டிக்கொண்டு நான் புறப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்கிறான். அது எனக்கு இன்னும் பழகவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் நாய் சிறுத்தை தினமும் உன்னோடு பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறான், மெலிந்துகொண்டே வருகிறான், ஓடிய மறுநாள் சோர்ந்து கிடக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். அப்புறம் நான்கு சத்து டப்பாக்களின் பெயரை எழுதி, இதில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். நான்கையும் இப்போதைக்கு வாங்காதே. முதலில் டாக்டரிடம் காட்டி, மலத்தையும் ரத்தத்தையும் பரிசோதித்துவிடு. வயிற்றில் புழு இருக்கிற நாய்க்கு என்ன கொட்டினாலும் உடம்பில் ஒட்டாது. அதில் கோளாறு இல்லையென்றால் அவனுக்குச் சோறு போதவில்லை என்றுதான் நினைப்பேன். நாம் பொடியைத் தேடுகிற பெரும்பாலான சமயங்களில் குறை தட்டில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குச் சொல்கிறேன், கால்குலேட்டரை எடுத்துக்கொள். அவன் எடையை மூன்று முறை தன்னோடு தானே பெருக்கு. 25 கிலோ என்றால் 25 × 25 × 25, அதாவது 15,625. அதற்கு இரண்டு தடவை வர்க்கமூலம் எடு, 11.2 வரும். அதை 70-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 780. சும்மா படுத்துக் கிடந்தாலே உயிர் ஓட அவனுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி அது. வீட்டில் சாதாரணமாகத் திரியும் நாய்க்கு அதைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். உன்னோடு ஓடும் சிறுத்தைக்கு இரண்டு, இரண்டரை மடங்கு வேண்டியிருக்கும். 1,600-இலிருந்து 1,950 வரை என்று வைத்துக்கொள். அலாஸ்காவில் உறைபனியில் நாள் முழுக்கப் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு நாய் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 11,000 கலோரி செலவழித்தது! அந்த நாய்களும் 25 கிலோ வாக்கில்தான் இருக்கும். முதல் தடவை இதைப் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

கணக்கு ஒரு தொடக்கம்தான், மீதியை உன் கை சொல்லும். வாரம் ஒருமுறை அவன் விலாவை விரல் நுனியால் தடவிப் பார். அழுத்தாமலே எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும், ஆனால் மேலே மெல்லிய கொழுப்புப் போர்வை இருக்க வேண்டும். முதுகுத்தண்டும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு தெரிந்தால் உணவைக் கூட்டு. தொடைச் சதை வற்றுகிறதா என்பதையும் கவனி. கொழுப்புக் கரைவதைவிடச் சதை வற்றுவது மோசம்.

உணவைக் கூட்டுவது என்றால் தட்டைக் குவிப்பது என்று எடுத்துக்கொள்ளாதே. நாயின் வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு. கொள்ளளவு அதிகமானால் வேகமாகக் குடலைத் தாண்டி வெளியே வந்துவிடும். குறைந்த இடத்தில் அதிக ஆற்றல் வேண்டும், அதைக் கொடுப்பது கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி இருக்கிறது. புரதத்திலும் மாவுச்சத்திலும் 4-தான். அதற்கும் மேலே ஒரு காரணம் உண்டு. நீண்ட தூரம் நிதானமாக ஓடும் நாயின் தசை பெரும்பாலும் கொழுப்பைத்தான் எரிக்கிறது. மனித ஓட்டக்காரர்கள் போட்டிக்கு முன் மாவுச்சத்தை ஏற்றிக்கொள்வதைப் பார்த்து நாமும் நாய்க்கு அதையே செய்துவிடுகிறோம். அவற்றின் உடம்பு வேறு. வண்டி இழுக்கும் நாய்களுக்குக் கலோரியில் பாதிக்கு மேல் கொழுப்பிலிருந்தே கொடுக்கிறார்கள். சால்மன் மீனில் ஒரு வகைக்கு அலாஸ்காவில் 'நாய் சால்மன்' என்றே ஒரு பெயர் உண்டு. அதை உலர்த்தி வைத்துக் குளிர்காலம் முழுக்க நாய்களுக்குப் போட்டிருக்கிறார்கள்.

2013-இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு நாய்களிடம் ஓநாய்களைவிடப் பல படிகள், அதாவது நகல்கள், அதிகமாக இருக்கிறது. மனிதனின் தானியத்தைப் பகிர்ந்துகொண்டே நாய் நாயானது என்பதற்கு அது ஒரு தடயம். பின்னால் பார்த்தபோது சைபீரியன் ஹஸ்கி போன்ற வடதுருவப் பக்கத்து நாய்களிடம் அந்தப் படிகள் மிகக் குறைவு என்று தெரிந்தது. தானியம் விளையாத இடத்தில் மனிதனோடு வாழ்ந்தவை அல்லவா அவை! எந்த நாய்க்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதில் அதன் முன்னோர் தின்றதற்கும் பங்கு உண்டு என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

பந்தய நாயான கிரேஹவுண்டின் கதை வேறு. அரை நிமிடத்தில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து முடித்துவிடும். அந்தப் பாய்ச்சலுக்குத் தசையில் சேர்த்துவைத்த சர்க்கரையான கிளைக்கோஜன் வேண்டும், அதனால் அதற்கு மாவுச்சத்து கொஞ்சம் தாராளமாகவே இருக்கலாம். சிறுத்தை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறான். புரதம் 30, கொழுப்பு 20 விழுக்காடு என்று உழைக்கும் நாய்களுக்காக வருகிற உலர் உணவு அவனுக்குப் பொருந்தும். இப்போது கொடுப்பதிலிருந்து ஒரே நாளில் மாற்றாதே. பத்து நாள் எடுத்துக்கொண்டு, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டு. கொழுப்பைச் சட்டென்று ஏற்றினால் கழிச்சல் வரும், சில நாய்களுக்குக் கணையமே வீங்கிவிடும். தசை அந்த எரிபொருளுக்கு முழுதாகப் பழக ஆறு வாரமாவது ஆகும். அதுவரை பலன் தெரியவில்லை என்று மாற்றிக்கொண்டே இருக்காதே.

புரதத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வண்டி இழுக்கும் நாய்களைப் பிரித்து, வெவ்வேறு அளவில் புரதம் கொடுத்துப் பயிற்சி செய்ய வைத்திருக்கிறார்கள். மிகக் குறைவாகப் புரதம் பெற்ற குழுவில்தான் தசை, தசைநார்க் காயங்கள் அதிகம். நன்றாகப் பெற்றவற்றின் உடலில் ரத்தத்தின் அளவும் கூடியிருந்தது. சிறுத்தைக்கு அடிக்கடி கால் பிடித்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வந்தது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உனக்கு இதை நான் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. மணிக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒரு காலை நேரம். வெகுதூரம் ஓடப்போகிறோம், தெம்பு வேண்டுமே என்று அவனுக்கு வயிறு நிறையப் போட்டேன். போதாததற்கு ஒரு சத்துப் பொடியையும் தண்ணீரில் கலக்கி ஊற்றினேன். முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். பாதி வழியில் நின்றான். வாந்தி எடுக்க முயல்கிறான், ஒன்றும் வரவில்லை. எச்சில் நூலாக ஒழுகுகிறது. வயிற்றின் இடப்பக்கம் தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம். இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொண்டுவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் அறுவை மேசைக்குக் கொண்டுபோக முடிந்ததால் பிழைத்தான். மார்பு ஆழமாக உள்ள நாய்களுக்கு இந்த ஆபத்து அதிகம், ஓடும் நாய்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான். இரைப்பை முறுக்குவதற்குத் தின்றவுடன் ஓடுவது ஒன்றுதான் காரணம் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு அந்தத் தட்டை நிரப்பிய கை என்னுடையது. அதன் பிறகு எட்டு வருடமாக என் வீட்டில் ஒரு நாயும் சாப்பிட்டவுடன் ஓடியதில்லை.

நீயும் அப்படியே செய். ஓட்டத்துக்கு முன் நான்கு மணி நேரமாவது வயிறு காலியாக இருக்கட்டும். காலையில் ஓடுகிறாய் என்றால் முந்தின மாலை கொடுத்ததே போதும். கொழுப்பை எரிக்கப் பழகிய நாய் வெறும் வயிற்றில் நன்றாகவே ஓடும். முடித்து வந்த பிறகும் அவசரப்படாதே. மூச்சு அடங்கி, உடம்பு குளிர்ந்து, ஒன்றரை இரண்டு மணி நேரம் கழிந்த பிறகு பெரிய சாப்பாடு கொடு. ஒரேயடியாகப் போடாமல் நாளைக்கு இரண்டு வேளையாகப் பிரித்துவிடு.

தண்ணீர் எல்லாவற்றுக்கும் மேலே. ஓடும் நாயின் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அதை இறக்க அதனிடம் இருக்கும் முக்கிய வழி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைப்பதுதான். அதில் போவது பெரும்பாலும் வெறும் நீர். நம் வியர்வை மாதிரி உப்பு அதில் போவதில்லை. அதனால் உன் பட்டியலில் இருந்த எலெக்ட்ரோலைட் பொடி, அதாவது உப்புச் சத்துப் பொடி, சிறுத்தைக்குத் தேவைப்படாது. நல்ல தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக, வழியில் இரண்டு மூன்று இடத்தில். ஓட்டத்தின் உற்சாகத்தில் குடிக்க மறுக்கிறான் என்றால் இறைச்சி வேகவைத்த நீரைக் கொஞ்சம் கலந்து கொடு. பனிச்சறுக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலை இது. மின்னல் இதற்கு ஒரே நாளில் மசிந்துவிட்டாள்.

மற்ற மூன்று டப்பாக்களையும் சொல்லிவிடுகிறேன். கால்சியம் பொடி வேண்டவே வேண்டாம். வெறும் சதையை மட்டுமே போட்டு வளர்க்கிறவர்களுக்குத்தான் அது பிரச்சினை. சதையில் கால்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும், மிஞ்சிப்போனால் இரண்டு மடங்கு. இல்லையென்றால் உடம்பு எலும்பைக் கரைத்து ஈடுகட்டும். முழுச் சத்துணவு தின்னும் நாய்க்கு அந்த விகிதம் ஏற்கெனவே சரியாக இருக்கிறது, மேலே தூவினால் நீதான் கெடுக்கிறாய். குட்டி ராணிக்குத் தூவினால் இன்னும் மோசம், வளரும் பெரிய இன நாய்களின் எலும்பு கோணலாகப் போகும். அவளுக்குப் பத்து மாதம்தானே ஆகிறது? அவளையும் பன்னிரண்டு கிலோமீட்டர் கூட்டிப் போகிறாய் என்று படித்தபோது எனக்குப் பகீர் என்றது. எலும்பின் நுனியில் அது நீளும் இடமான வளர்தட்டுகள் மூடும்வரை அவள் விளையாடட்டும், ஓட வேண்டாம் சேகர். இதை மட்டும் எனக்காகக் கேள்.

வைட்டமின் சி: நாயின் ஈரல் அதைத் தானே செய்துகொள்கிறது. கிரேஹவுண்டுகளுக்குத் தினமும் ஒரு கிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் 500 மீட்டர் ஓட்டத்தில் அவை ஏறக்குறைய 0.2 வினாடி மெதுவாகவே ஓடின. கெடுதல் இல்லாத சத்துதானே, கூடக் கொடுத்தால் என்ன என்று இனி நினைக்கவே மாட்டேன்.

நான்காவது மீன் எண்ணெய். வாங்குவதென்றால் அதை வாங்கலாம். மூட்டுக்கும் தோலுக்கும் நல்லது, ஆனால் அதுவும் கொழுப்புதான், கலோரிக் கணக்கில் சேர்த்துக்கொள். மீன் எண்ணெய் கூடும்போது வைட்டமின் இ தேவையும் கூடும். அந்த அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள். இன்னொன்று, பட்டியலில் நீ எழுதாதது. அடுத்தடுத்த நாள் கடுமையாக ஓடவேண்டி வந்தால், ஓடி முடித்த அரை மணிக்குள் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற, சட்டென்று செரிக்கும் மாவுச்சத்துப் பொடியை உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை கிராம் வீதம் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறார்கள். சிறுத்தைக்கு 35, 40 கிராம் வரும். அந்த நேரத்தில் தசை சர்க்கரையை ஆவலோடு இழுத்துக் கிளைக்கோஜனை நிரப்பிக்கொள்ளும். அவனுடைய மறுநாள் சோர்வுக்கு இது உதவலாம், ஆனால் சாப்பாட்டைச் சரிசெய்து ஆறு வாரம் பார்த்த பிறகுதான். மனிதர்களுக்கான விளையாட்டுப் பானத்தையோ புரதப் பொடியையோ அந்த இடத்தில் கொடுத்துவிடாதே. சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாய்க்குக் கொடிய விஷம். காஃபீன் கலந்தவையும் அப்படியே ஆபத்து.

நேரமாகிவிட்டது, மின்னல் வந்து முழங்காலில் முகத்தை வைக்கிறாள். அடுத்த கடிதத்தில் சிறுத்தையின் எடை, இப்போது ஒரு நாளைக்கு எத்தனை கிராம் சாப்பிடுகிறான், பையின் பின்னால் நூறு கிராமுக்கு எத்தனை கலோரி என்று போட்டிருக்கிறது, மலம் இறுகியிருக்கிறதா, இந்த நான்கையும் எழுது. உட்கார்ந்து கணக்குப் போட்டு அனுப்புகிறேன். பக்கவாட்டில் நிற்க வைத்து ஒரு படமும், மேலேயிருந்து ஒன்றும் எடுத்து அனுப்பு. இடுப்பு எப்படி ஒடுங்கியிருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்