உயர்நிலை ஒன்றில் கையை விட்டுவிடுகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைச் சிங்கப்பூரில் 2025 செப்டம்பர் 1 முதல் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்ததிலிருந்து, அது கலந்த மின்சிகரெட்டான கேபாட்டோடு பிடிபடும் பிள்ளைகளைப் பற்றி நிறையப் படிக்கிறோம். சட்டம் கடுமையாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பிடிபடுவதற்கு இரண்டு மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் பையன் எங்கே இருந்தான், யாரோடு இருந்தான் என்று அதிகம் பேசுவதில்லை. ஈசூன் வட்டாரத்தில் துணைப்பாட வகுப்பில் தொண்டூழியம் செய்கிறவன் என்ற முறையில் அதைத்தான் எழுத நினைத்தேன்.

தொடக்கப்பள்ளி வரைக்கும் நம் நாட்டில் ஏற்பாடு நன்றாகவே இருக்கிறது. பள்ளியிலேயே மாணவர் பராமரிப்பு நிலையம் உண்டு. வருமானம் குறைந்த குடும்பம் என்றால் கட்டணத்துக்கு உதவியும் கிடைக்கும். பையன் அங்கேயே சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதி, அம்மா வேலை முடிந்து வரும்வரை யார் கண்ணிலாவது பட்டுக்கொண்டிருப்பான். தொடக்கநிலை ஆறோடு அது முடிந்துவிடுகிறது. உயர்நிலை ஒன்றில் சேரும் பதின்மூன்று வயதில் கையில் வீட்டுச் சாவி, பையில் கைப்பேசி. உயர்நிலைப் பள்ளிகளிலும் வகுப்பு முடிந்த பிறகு நடக்கும் நிகழ்ச்சிகள் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கே மட்டம் போடுகிற பையன் அதற்கு மட்டும் வந்து உட்காருவானா?

அவனைத் தேடி முதலில் வருவது பக்கத்து புளோக்கில் இருக்கும், நாலைந்து வயது மூத்த ஒருவன். வந்த உடனே தப்புத்தண்டா எதுவும் சொல்வதில்லை. புரோட்டா வாங்கித் தருவான். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போவான். அப்பா ஏன் வீட்டில் இல்லை என்று கேட்கவே மாட்டான். இப்படியே மாதக்கணக்கில் போகும். அப்புறம்தான், “உன் பேங்க் கார்டை ஒரு வாரம் கொடு” என்பான். இல்லாவிட்டால் சட்டவிரோதமாகக் கடன் கொடுக்கும் கடன்முதலைக்காக, கடன்காரரை மிரட்ட, ஒரு வீட்டுக் கதவில் சாயத்தை ஊற்றிவிட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்வான்.

எங்கள் வகுப்புக்கு வந்த உயர்நிலை நான்கு மாணவன் ஒருவன் திடீரென்று விலை உயர்ந்த காலணியோடு வந்தான். யார் வாங்கிக் கொடுத்தது என்றால், “அண்ணன்” என்றான். வீட்டுக்கு மூத்த பிள்ளையே அவன்தான். அவன் கொடுத்த கார்டு வழியாக மோசடிப் பணம் போய் வந்திருக்கிறது என்பது போலீஸ் வந்த பிறகுதான் தெரிந்தது. இரவு நேரத் துப்புரவு வேலை பார்க்கும் அவன் அம்மா என்னிடம், “அவன் யாரையும் அடிக்கலையே சார், கார்டுதானே கொடுத்தான்?” என்று கேட்டார். அந்த ‘அண்ணன்’ அவனோடு பழக ஆரம்பித்தது உயர்நிலை ஒன்றிலாம்.

பிடிபட்ட பிறகு செய்வதற்கு நம்மிடம் நல்ல திட்டங்கள் இருக்கின்றன. முதல்முறை, சிறு குற்றம் என்றால் நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் ஆறு மாத வழிகாட்டுத் திட்டத்தில் சேர்க்கும் வழக்கம் 1997லிருந்தே உண்டு. பிள்ளை சொல்பேச்சுக் கேட்பதில்லை என்று பெற்றோர் நேராக இளையர் நீதிமன்றத்தில் போய் நின்ற காலமும் போய்விட்டது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, முதலில் குடும்பமாக உட்கார்ந்து ஆலோசனைத் திட்டத்தை முடிக்க வேண்டும். நல்ல மாற்றம்தான். ஆனால் வீட்டில் நிலைமை கைமீறிய பிறகுதான் இதற்கெல்லாம் வேலை.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது சமூகத்தின் வேலை. அங்கே நாம் செய்வதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் ஊக்க உரை, ஆளுக்கொரு டீ சட்டை, குழுப்படம், பிரியாணிப் பொட்டலம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இந்தப் பையன்கள் எந்த வம்புக்கும் போவதில்லை, தூங்கிக்கொண்டிருப்பார்கள். வார நாள்களில் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து அம்மா வரும்வரை உள்ள நேரம்தான் சிக்கல். வழிகாட்டிகளாக வருகிறவர்களும் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள். அன்பாகத்தான் பழகுகிறார்கள். ஆனால் பையன் வாயைத் திறந்து பேசவே மூன்று நான்கு மாதம் ஆகும். அதற்குள் அவர்களுக்குத் தேர்வு வந்துவிடுகிறது, அடுத்த முறை வேறொருவர் வந்து பெயர் என்ன என்று முதலிலிருந்து கேட்கிறார். இப்படி இரண்டு பேர் மாறினால், மூன்றாவது ஆளிடம் அவன் எதுவும் சொல்வதில்லை.

நான் கேட்பது இதுதான்: உயர்நிலை ஒன்றில் சேரும்போதே, பெற்றோர் சம்மதத்தோடு, ஒரு பையனுக்கு ஒரு பெரியவர். குறைந்தது இரண்டு வருடம் அதே ஆள். எந்தப் பிள்ளைக்குத் தேவை என்பது தொடக்கநிலை ஆறு ஆசிரியருக்கு நன்றாகவே தெரியும், கேட்டால் போதும். வார நாள் பிற்பகலில் திறந்திருக்கும் ஓர் அறை வேண்டும். போனதும் முதலில் சாப்பாடு. பசியோடு வரும் பையனிடம் கணக்குப் புத்தகத்தை நீட்டிப் பயனில்லை. அப்புறம் காற்பந்து. பள்ளிக்குப் போன நாளில்தான் பந்து என்று ஒரு விதி வைத்தால், எத்தனை அறிவுரை சொல்லியும் நடக்காதது நடக்கும். எங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறேன்.

1991இல் தொடங்கிய, இந்தியச் சமூகத்துக்கான சுய உதவி அமைப்பான சிண்டாவுக்கு நம்மில் பலருடைய சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஒரு தொகை போகிறது. துணைப்பாடத்தில் அது செய்துவருவது பெரிய காரியம். இந்த இரண்டு வருடத் துணையையும் அது கையில் எடுக்கலாம். பணத்தைவிட ஆள்பலம்தான் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன், அதிலும் ஆண்கள். எங்கள் தொண்டூழியர்களில் பெரும்பாலோர் பெண்கள். காப்பிக்கடையில் பேப்பரை வரி விடாமல் படித்து முடிக்கும் ஓய்வுபெற்ற ஆண்களுக்கு (எனக்கும் அந்த வயதுதான்) வாரத்தில் இரண்டு பிற்பகல் ஒதுக்குவது பெரிய விஷயமா?

நம் கோயில்கள், சங்கங்கள் பலவற்றில் வார நாள் பிற்பகலில் மண்டபம் பூட்டியே கிடக்கிறது. ஈசூன், செம்பவாங் பக்கம் ஏதாவது ஓர் அமைப்பு வாரம் மூன்று நாள் இடம் கொடுத்தால், ஆள் சேர்க்கும் பொறுப்பை நாங்கள் சிலர் ஏற்றுக்கொள்கிறோம். ஜனவரியில் பள்ளி திறக்கும்போதே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு தொண்டூழியர்,
ஈசூன்