கோபாலுக்கும் ராமுக்கும் வில்லங்கம்

அன்புள்ள சேகர்,

அம்மா காரியத்துக்கு நீ அவ்வளவு தூரம் வந்து போனதற்கு நான் ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முழங்கால் இறங்கவிடவில்லை. பாலு வழக்கம்போல யாரோடோ சண்டை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘நம் ராம் காமிக்ஸில் திரும்பி வருவானா, புதிதாகக் கதை போடுவார்களா’ என்று கேட்டாயே, அந்தத் தகரடப்பா திரும்பி வந்துவிட்டான்!

தம்பி மகன் போன மாதம் அமெரிக்காவிலிருந்து வந்தான். “பெரியப்பா, நீங்க சொல்வீங்களே” என்று பெட்டியிலிருந்து அம்மிக்கல் மாதிரி ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தான். ராம்! நம் ராம் ஸ்பேஸ்நைட், வெள்ளிக் கவசம் போட்ட அந்த விண்வெளி வீரன்! அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகளில் அட்டை இல்லாமல், கரப்பான் அரித்து, ஏழாவதுக்கு அப்புறம் பதினெட்டாவது என்று தாவித் தாவிப் படித்தோமே, அதே கதை முதல் இதழிலிருந்து வரிசையாக. மடியில் வைத்துப் படிக்க முடியவில்லை, கால் மரத்துப்போகிறது. தலையணையில் சாய்த்து வைத்து நாலு ராத்திரியில் முடித்தேன். உன் தங்கச்சி மூன்றாம் நாள் விளக்கை அணைத்துவிட்டாள்.

முடித்ததும் தொழில் புத்தி வந்துவிட்டது. முப்பது வருஷமாக ஊரான் சொத்துக்கு வில்லங்கம் பார்த்தே பிழைக்கிறவன், நம் பையன் சொத்துக்குப் பார்க்காமல் இருப்பேனா? ஏன் இத்தனை வருஷம் இவனை யாரும் மறுபதிப்புப் போடவில்லை? ஊர் பேர் தெரியாதவனெல்லாம் தொகுப்பாக வந்தான், இவன் மட்டும் ஏன் வரவில்லை? தோண்டிப் பார்த்தால், சேகர், நம்மூர்ப் பாகப்பிரிவினை வழக்கு தோற்றது.

மூலப் பத்திரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மூன்று பேர் சேர்ந்து ஒரு பொம்மை செய்து, அதற்கு வைத்த முதல் பெயர் கோபால். அதாவது COBOL என்கிற கம்ப்யூட்டர் மொழி. மோனோபலி விற்ற பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி 1979இல் பொம்மையை எடுத்துக்கொண்டு, பெயரை ராம் என்று மாற்றியது. அதுவும் கம்ப்யூட்டர் சமாச்சாரம்தான், ROM என்கிற அழியாத நினைவகம். கோபால் ராம் ஆன கதை தெரிந்திருந்தால் பாலுவின் பாட்டி இன்னும் சந்தோஷப்பட்டிருப்பாள். அவள்தானே ‘ராமர் படக்கதை’ என்று நினைத்து நம்மைத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கவிட்டது. கண்ணுக்குப் பச்சை விளக்கு வைப்பதாக இருந்தார்களாம். சிவப்பு மலிவு என்று சிவப்பு வைத்துவிட்டார்கள்.

பொம்மை படுத்துவிட்டது. கையைக் காலை மடக்க வராது, சத்தம் போடும், கண் மின்னும், அவ்வளவுதான். ஆனால் விளம்பரத்துக்கு உதவும் என்று மார்வெல் காமிக்ஸ் கம்பெனியிடம் கதை போடச் சொல்லிக் கொடுத்தார்களே, அது ஓடியது. 1979 டிசம்பர் தேதியிட்ட முதல் இதழிலிருந்து 1986 பிப்ரவரி வரை, 75 இதழ். பொம்மை கடையை விட்டுப் போன பிறகும் பொம்மையின் விளம்பரம் வருஷக்கணக்கில் நடந்ததென்றால் பார்த்துக்கொள்!

அந்த 75ஐயும் ஒரே ஆள் எழுதினார். பில் மான்ட்லோ. அவர் கையில் கிடைத்தது என்ன? ஒரு வெள்ளித் தகரம், மூன்று கருவி. அதற்குள் ஒரு மனிதனை உட்காரவைத்தார். கலடார் கிரகத்தைக் காப்பாற்றத் தன் உடம்பையே கொடுத்து, இரும்புக்குள் புகுந்து, இருநூறு வருஷமாக எதிரியைத் துரத்துகிறவன். முதல் இதழை மறுபடி படித்துப் பார். சின்ன ஊர், மேற்கு வர்ஜினியா பக்கம். தெருவில் போகிற ஒருவன்மேல் ராம் ஒரு கருவியின் ஒளியை அடிக்கிறான். மனித வேஷம் போட்ட டைர் ரெய்த், அதாவது அந்த எதிரி இனத்து ஜந்து, அவனுக்குத் தெரிகிறது, நமக்கும் தெரிகிறது, ஊருக்குத் தெரியாது. அடுத்த கருவியால் அதை வேறு லோகத்துக்குத் தள்ளுகிறான். தரையில் மிஞ்சுவது ஒரு பிடி சாம்பல். ஊர் பார்த்தது என்ன? ஓர் இரும்பு அரக்கன் நம் பக்கத்து வீட்டுக்காரரைச் சாம்பலாக்கிவிட்டான். கொலைகாரப் பட்டத்தோடு ஊரைக் காப்பாற்ற வேண்டும். பதினேழு வயதில் இதைப் படித்துவிட்டு நீ ராத்திரி சாப்பிடவில்லை, மறந்துவிட்டாயா? நான் மறக்கவில்லை, உன் பங்குப் பரோட்டாவையும் நான்தான் சாப்பிட்டேன்.

இப்போது பட்டாவுக்கு வா. ராம் என்ற பெயர், அந்தக் கவசம், அந்த முகம் எல்லாம் பொம்மைக் கம்பெனிக்கு. பார்க்கர் பிரதர்ஸ் கை மாறிக் கை மாறி 1991இல் ஹாஸ்ப்ரோ என்ற பெரிய பொம்மைக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது, ராமும் கூடவே போனான். மான்ட்லோ கதைக்காக உண்டாக்கிய மனிதர்கள், மற்ற ஸ்பேஸ்நைட்கள், ராமின் காதலி பிராண்டி எல்லாரும் மார்வெலுக்கு. நிலம் ஒருத்தர் பெயரில், நட்ட தென்னை இன்னொருத்தர் பெயரில். தேங்காய் பறிக்க ரெண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். ராமையும் மார்வெல் ஆட்களையும் ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு யார் தனியாக அச்சடிப்பது?

இதில் ஒரு வேடிக்கை. கதை முடியும்போது ராம் கவசத்தை விட்டு மனிதனாகிவிடுகிறான் அல்லவா? கவசம்தான் ஹாஸ்ப்ரோவுடையது, உள்ளே இருந்த ஆளைத் தடுக்க முடியாது! அதனால் 1994இல் மார்வெலின் ஹல்க் 418ஆம் இதழில் ஹல்க்கின் நண்பன் ரிக் ஜோன்ஸ் கல்யாணத்துக்கு அவனை வரவழைத்துவிட்டார்கள், வெறும் மனிதனாக, பிராண்டியோடு. சொத்துத் தகராறில் இருக்கிற பங்காளி மொய் எழுத வந்த மாதிரி. 2000இல் அவன் பிள்ளைகளை நாயகர்களாக வைத்து 5 இதழ் போட்டார்கள். அப்பனை வைத்துப் போட முடியாது, பிள்ளைகளை வைத்துப் போடலாம்.

அந்தப் பக்கம் ஹாஸ்ப்ரோ சும்மா இல்லை. 2015இல் பாரமௌன்ட் சினிமாக் கம்பெனியோடு சேர்ந்து, ஜி.ஐ. ஜோ, மைக்ரோநாட்ஸ் என்ற தன் மற்ற பொம்மைகளோடு ராமுக்கும் சினிமா என்று அறிவித்தார்கள். நீகூட பாலுவிடம் பிரியாணி பந்தயம் கட்டினாய். படமும் வரவில்லை, பிரியாணியும் வரவில்லை. 2016இல் ஐ.டி.டபிள்யூ. நிறுவனம் புதிதாகக் காமிக்ஸ் போட்டது. மோசமில்லை, ஆனால் கவசம் நம் ராம், உள்ளே குரல் வேறு. பிராண்டி மாதிரி மான்ட்லோவின் மனிதர்கள் ஒருத்தரும் கிடையாது. நம் வீட்டு வாசல் அப்படியே இருக்க, உள்ளே வேறு குடும்பம் குடியிருப்பதைப் பார்த்தேன்.

2023இல்தான் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி, பழைய இதழ்களை மார்வெல் மறுபதிப்புச் செய்யலாம் என்று முடிவானது. முதல் தொகுதி 2024 ஜனவரியில் வந்தது. ஆக, உன் கேள்விக்குப் பதில்: பழையதைப் பறித்துத் தின்ன வழி பிறந்துவிட்டது. புதிதாக நடுவது வேறு பேரம். இந்த இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பெரிய தோப்பு இருக்கிறது. பாதிப் பங்குக்காக ஒரு மூலை நிலத்தில் எவன் ஆழ்துளைக் கிணறு போடுவான்? என் கட்சிக்காரன் கேட்டால், பெரிதாக எதிர்பார்க்காதே என்றுதான் சொல்வேன். உனக்கும் அதுவே, ஃபீஸ் இல்லாமல்.

ஆனால் எனக்குத் தூக்கம் போனது இதனால் இல்லை. மான்ட்லோ பிற்பாடு சட்டம் படித்து, பிராங்க்ஸில் காசில்லாத ஏழைகளுக்காக வாதாடும் வக்கீல் ஆனார். இது தெரியுமா உனக்கு? எனக்குத் தெரியாது. 1992 ஜூலையில் சறுக்குச் சக்கரம் கட்டிக்கொண்டு போனபோது ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. மூளையில் அடி. அதற்கப்புறம் வாழ்க்கை பராமரிப்பு இல்லத்தில். தம்பிதான் செலவுக்கு அலைந்தார். ‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’ படத்தில் வரும் அந்த ரக்கூன், ராக்கெட், அதுவும் கீத் கிஃபனோடு சேர்ந்து இவர் உண்டாக்கியதுதான். 2014இல் அந்தப் படம் வந்தபோது மார்வெல் அவர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டியது. அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் மொட்டைமாடியில் நடந்தேன். முழங்காலை மறந்துவிட்டேன்.

நான் பார்த்த இத்தனை வில்லங்கத்திலும் அவர் பெயர் ஒரு கட்டத்திலும் இல்லை, சேகர். கூலிக்கு எழுதினார், கூலி வாங்கினார், சட்டப்படி கணக்குத் தீர்ந்தது. நான் அந்தக் கம்பெனிக்கு வக்கீலாக இருந்தால் இதே கருத்துரையைத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அதுதான் உறுத்துகிறது. தொகுதியின் அட்டையில் அவர் பெயர் பெரிதாக இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன். இருக்கிறது.

போதும், நிறைய எழுதிவிட்டேன். உன் மாப்பிள்ளை வேலை என்ன ஆயிற்று? வீடு கட்டுகிற இடத்துக்குத் தாய்ப்பத்திரம் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதே என்று அவனிடம் சொல். சொன்னால் கேட்கமாட்டான், இருந்தாலும் சொல்.

கடைசியாக ஒன்று. பதினெட்டாவது இதழ், எக்ஸ்-மென் வருமே, அதை 1987இல் ஆளுக்கு ரெண்டு ரூபாய் போட்டு வாங்கினோம். ‘படிச்சுட்டுத் தரேன்’ என்று நீ எடுத்துக்கொண்டு போனாய். கூட்டுச் சொத்து, அனுபவ பாத்தியதை என்று என்னிடம் வாதாடாதே. பொங்கலுக்கு உன் அக்கா வருகிறபோது கொடுத்து அனுப்பு. அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
மூர்த்தி